விறைத்த பாதமும் காந்தப் படமும்

உடற்பயிற்சி வகுப்பில் மாணவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுகின்றனர். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் இரண்டாவது சுற்றிலேயே பின்தங்கி, மர நிழலில் அமர்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறான். சென்ற மாதமும் அவனுக்குச் சுளுக்கு. அதற்கு முந்திய மாதமும் சுளுக்கு. வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டனர், சில நாள் குணம் கண்டது, மீண்டும் வந்தது. ஓட்டத்திற்கு அஞ்சிச் சாக்குச் சொல்லுகிறான் என்று உடன் பயிலும் மாணவர் நகைக்கின்றனர். ஆசிரியருக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

இத்தகைய சிறுவரைக் காணாத ஆசிரியர் அரியர். அவர்களுள் பெரும்பாலோருக்கு உண்மையில் எளிய சுளுக்கே இருத்தல் கூடும். ஆனால் ஒரு சிலருக்குத் தொல்லையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. தனித்தனியே பிரிந்திருக்க வேண்டிய இரண்டு எலும்புகள், பிறப்பிலிருந்தே பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதே அது. இதனை மருத்துவர் ‘டார்சல் இணைவு’ என்பர். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் பல வேளைகளில் புலப்படாத இவ்விணைப்பைக் காட்டவல்லது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம். அப்படம் எவ்வாறு உருவாகிறது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது, பிள்ளையை அதுவரை கொண்டு சேர்ப்பதில் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பாதத்தின் அமைப்பு

நம் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பின்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அமைந்த ஏழு எலும்புகளுக்கு டார்சல் எலும்புகள் என்று பெயர். கணைக்காலின் எலும்புகளைத் தன்மேல் தாங்குவது கணுவெலும்பு. அதன் கீழே தரையில் ஊன்றி நிற்பது குதிகால் எலும்பு. கணுவெலும்பின் முன்னே, பாதத்தின் உட்புறத்தில், படகு போன்ற வடிவில் அமைந்தது படகெலும்பு. இவற்றுக்கு முன்னால் மூன்று ஆப்பெலும்புகளும் ஒரு கனசதுர எலும்பும் வரிசையாய் நிற்கின்றன.

கணுவெலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே உள்ள மூட்டு நம் நடைக்கு இன்றியமையாதது. பாதம் மேலும் கீழும் அசைவது அதற்கு மேலுள்ள கணுக்கால் மூட்டினாலாகும். ஆனால் பாதம் உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்வது பெரும்பாலும் இந்தக் கீழ்மூட்டினாலேயே. வயல் வரப்பில் நடக்கும்போதும், கல்லும் மேடுமான பாதையில் செல்லும்போதும், தரையின் சாய்வுக்கு ஏற்பப் பாதம் தன்னைத் திருத்திக்கொள்கிறதன்றோ? அவ்வேலையைச் செய்வது இம்மூட்டே. இது அசையாவிடில் சமதளத்தில் நடப்பது ஒருவாறு இயலும். மேடுபள்ளத்தில் நடப்பது துன்பமாகும்.

பிரியாத எலும்புகள்

கருவில் வளரும் குழந்தையின் பாதம் முதலில் ஒரே திரளாகத் தோன்றுகிறது. பின்னர் அத்திரள் பகுதி பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனிக் குருத்தெலும்பாகி, அவற்றுக்கிடையே மூட்டுக்கள் அமைகின்றன. இவ்வாறு பிரியும் வேலை ஓரிடத்தில் முற்றுப்பெறாவிட்டால் அண்டையிலுள்ள இரண்டு எலும்புகளுக்கிடையே ஒரு பாலம் நின்றுவிடுகிறது.

இப்பாலம் மூவகைப்படும். நார்த்திசுவால் ஆனது ஒன்று. குருத்தெலும்பால் ஆனது மற்றொன்று. முற்றிய எலும்பாகவே அமைந்தது மூன்றாவது. இடத்தை நோக்கின், குதிகால் எலும்பையும் படகெலும்பையும் இணைப்பதும், கணுவெலும்பையும் குதிகால் எலும்பையும் இணைப்பதும் ஆகிய இரண்டுமே மிகுதி. காணப்படும் இணைவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்விரண்டு வகையினுள் அடங்கும். பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களிலும் இக்குறை இருக்கிறது.

இது குடும்பவழியாகவும் வரக்கூடும். லெனார்டு என்பவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறையுள்ளவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரைப் பரிசோதித்தார். அவர்களில் 39 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் இணைவு காணப்பட்டது. ஆனால் அவ்வுறவினர்களுக்கு அதனால் தொல்லை ஏதும் இருக்கவில்லை. இணைவு இருப்பது வேறு, அதனால் வலி உண்டாவது வேறு என்னும் இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

அறிந்த வரலாறு

பாதத்தில் எலும்புகள் ஒட்டியிருப்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் குறிப்பிட்டுள்ளார். குதிகால் எலும்புக்கும் படகெலும்புக்கும் இடையேயுள்ள பாலத்தைக் குருவேயே 1829இல் விவரித்தார். கணுவெலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையேயுள்ளதை ஸுக்கர்கண்டல் 1877இல் விவரித்தார். எனினும், இவையெல்லாம் இறந்தோர் எலும்புகளில் கண்ட விசித்திரங்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. உயிருடன் நடமாடும் ஒருவருடைய வலிக்கும் இப்பாலத்துக்கும் தொடர்புண்டு என்பதை 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த சுலோமன் எடுத்துக்காட்டினார். பாதத்தைச் சாய்வாக வைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால் குதிகால் எலும்புக்கும் படகெலும்புக்கும் இடையேயுள்ள பாலம் தெரியும் என்பதும் அவருடைய முயற்சியால் விளங்கிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கானடா நாட்டுப் போர்வீரர்களின் பாதங்களை ஹாரிஸ், பீத் என்னும் இருவர் பெருந்தொகையில் ஆராய்ந்தனர். வலியுடன் விறைத்துத் தட்டையாகிவிட்ட பாதங்கள் பலவற்றுக்குக் காரணம், கணுவெலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையே மறைந்து நிற்கும் பாலமே என்பதை 1948இல் வெளியிட்டனர். குதிகாலின் பின்புறமிருந்து சாய்வாக எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு இன்றும் அவர்கள் பெயரே வழங்குகிறது.

வலி காலந்தாழ்ந்து வருவதேன்?

பிறப்பிலேயே உள்ள குறை பள்ளிப்பருவத்தில்தான் வெளிப்படுவதேன் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. சிறு குழந்தையின் பாலம் பெரும்பாலும் மென்மையான குருத்தெலும்பாக இருக்கிறது. ஓரளவு வளைந்து கொடுக்கிறது. வயது ஏற ஏற அது முற்றி எலும்பாகிறது, பாதம் விறைக்கிறது. குதிகால் எலும்பையும் படகெலும்பையும் இணைக்கும் பாலம் சுமார் 8 முதல் 12 வயதுக்குள் முற்றுகிறது. கணுவெலும்பையும் குதிகால் எலும்பையும் இணைக்கும் பாலம் சுமார் 12 முதல் 16 வயதுக்குள் முற்றுகிறது. அதே பருவத்தில் பிள்ளையின் எடையும் கூடுகிறது, விளையாட்டும் மிகுகிறது.

கதவின் கீல் ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டால், கதவைத் திறக்குந்தோறும் மற்றக் கீல்களே பாரம் முழுவதையும் ஏற்கின்றன. அதுபோலவே, இறுகிய மூட்டின் வேலையை அண்டை மூட்டுக்களும் தசைநார்களும் ஏற்க நேர்கிறது. ஆகவே கணுக்கால் அடிக்கடி சுளுக்குகிறது. கணைக்காலின் வெளிப்புறத் தசைகள் இறுகிப் பாதத்தை வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்கின்றன. உள்வளைவு தாழ்ந்து பாதம் தட்டையாகிறது.

தட்டைப் பாதம் எல்லாம் நோயன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தட்டைப் பாதம் கண்ட பிள்ளையை எல்லாம் நோயாளி என்று கருதிவிடலாகாது. சிறு குழந்தைகளின் பாதம் இயல்பாகவே தட்டையாயிருக்கும். வளர வளர வளைவு உண்டாகும். கர்நாடகத்தின் மணிபாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் மருத்துவர்கள், 4 முதல் 13 வயதுக்குட்பட்ட 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்து பழகிய குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது மென்மையான, வலியற்ற, சிகிச்சை வேண்டாத தட்டைப் பாதமேயாகும்.

நாம் தேடுவது வேறு. வலியும் விறைப்பும் சேர்ந்த தட்டைப் பாதமே நம் கவனத்துக்கு உரியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

எக்ஸ்-கதிர்ப் படத்தின் எல்லை

ஐயத்துக்குரிய பிள்ளைக்கு முதலில் எடுக்க வேண்டியது எக்ஸ்-கதிர்ப் படமே. அது எளிது, செலவு குறைவு, மாவட்ட மருத்துவமனைகளில் கிடைக்கிறது. நின்ற நிலையில் பக்கவாட்டிலும், சாய்வாகவும் எடுத்த படங்களில் சில அடையாளங்கள் தெரியலாம். குதிகால் எலும்பின் முன்பகுதி எறும்புதின்னியின் மூக்குப்போல் நீண்டு படகெலும்பை நோக்கிச் செல்வது ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் கணுவெலும்பின் விளிம்பும் குதிகால் எலும்பின் விளிம்பும் தொடர்ந்து பிறைபோல் வளைந்து தோன்றுவது மற்றொன்று. கணுவெலும்பின் முன்விளிம்பில் பறவையின் அலகுபோல் ஒரு முனை வளர்ந்திருப்பதும் உண்டு.

ஆனால் எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழலேயாகும். கதிர்களைத் தடுக்கும் சுண்ணச் சத்துள்ள எலும்பு அதில் நன்கு தெரியும். நாரும் குருத்தும் கதிர்களை ஊடுருவ விட்டுவிடுகின்றன. அன்றியும், பின்பாதத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால் நிழல்கள் கலந்துவிடுகின்றன. ஆகவே இன்னும் முற்றாத பாலமுள்ள 11 வயதுப் பிள்ளையின் எக்ஸ்-கதிர்ப் படம் குறையற்றதாகத் தோன்றலாம். ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று கேட்டுத் திரும்பும் பெற்றோர், பிள்ளை நடிக்கிறது என்றே முடிவு செய்துவிடுகின்றனர்.

சி.டி. ஸ்கேன் என்னும் அடுக்குப் படம் எலும்பின் வடிவத்தை மிகத் துல்லியமாகக் காட்டும். அதுவும் எக்ஸ்-கதிரைக் கொண்டே எடுக்கப்படுகிறது. பாதத்துக்கு ஏற்படும் கதிர்வீச்சு சிறிதளவே. எலும்புப் பாலத்தின் பரப்பை அளந்து அறுவைக்குத் திட்டமிடுவதில் அதற்கு இன்றும் சிறப்பிடம் உண்டு. நாரும் குருத்துமாக உள்ள பாலத்தை நேரே காட்டுவதில்தான் காந்தப் படம் முந்துகிறது.

காந்தப் படம் உருவாகும் விதம்

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு சிறு காந்தத்தை ஒத்தது. வலிமை மிக்க பெரிய காந்தத்தினுள் உடலை வைத்தால், இச்சிறு காந்தங்கள் அக்காந்தப் புலத்தின் திசையைச் சற்றே சார்ந்து நின்று, தலையசைத்துச் சுழலும் பம்பரம்போல் ஆடுகின்றன. அவ்வாட்டத்தின் வேகம் காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறையாகும். அக்காந்தத்தின் வலிமை நம் நாட்டில் பூமியின் காந்தப் புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் அதிகம்.

அதே வேகத்தில் அதிரும் வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் அதன் சக்தியை ஏற்றுச் சாய்கின்றன. ஊஞ்சலின் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால்தான் அது உயரும். இசையாது தள்ளினால் பயனில்லை. இத்தகைய இசைவையே ஒத்ததிர்வு என்கிறோம். அலையை நிறுத்தியதும் கருக்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது மெல்லிய வானொலிச் சைகையை வெளியிடுகின்றன. கொழுப்பிலும், நீரிலும், குருத்திலும், நாரிலும் அவை திரும்பும் காலம் வெவ்வேறாகும். இவ்வேற்றுமையைக் கணிப்பொறி வெளிச்சமும் இருளுமாக மாற்றிப் படமாக்குகிறது.

அணுக்கருவின் இவ்வொத்ததிர்வை 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகியோர் தலைமையில் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். அதற்காக அவ்விருவருக்கும் 1952ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பார், ஓடும் திரவங்களில் இவ்வொத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து 1951இல் வெளியிட்டார். காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிது ஏற்றி இறக்கினால், சைகை எங்கிருந்து வருகிறது என்பதை அறியலாம் என்று பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். அவர் எடுத்த முதற் படம் நீர் நிரப்பிய இரண்டு நுண்குழாய்களின் படமே. அவருக்கும், அம்முறையை விரைவும் செம்மையும் பெறச் செய்த பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பாதத்தின் படத்தில் காண்பது

ஆரோக்கியமான பாதத்தின் காந்தப் படத்தில், கொழுப்பு மஜ்ஜை நிறைந்த எலும்பின் உட்பகுதி ஒருவகைப் படத்தில் வெண்மையாகத் தோன்றும். அதன் கெட்டியான புறவோடு கருங்கோடாகத் தெரியும். இரண்டு எலும்புகளின் கருங்கோடுகளுக்கு நடுவே குருத்தெலும்பும் மூட்டு இடைவெளியும் ஒழுங்காக அமைந்திருக்கும்.

பாலம் எலும்பாலானதாயின் கருங்கோடுகள் அவ்விடத்தில் மறைந்துவிடும்; ஓர் எலும்பின் வெண்மையான மஜ்ஜை தடையின்றி மற்றதனுள் தொடரும். குருத்தாலானதாயின் இடைவெளி குறுகி, விளிம்புகள் கரடுமுரடாகி, நடுவே குருத்தெலும்பை ஒத்த சாயல் தோன்றும். நாராலானதாயின் அவ்விடம் பெரும்பாலும் இருண்டு தோன்றும். ஒரே பாலத்தில் நாரும் குருத்தும் கலந்திருப்பதும் உண்டாதலால், இவ்விரண்டையும் எப்போதும் திட்டமாகப் பிரித்துச் சொல்லுதல் இயலாது. மூட்டின் முகப்பு வழக்கமான சரிவை விட்டுத் தாழ்ந்து சாய்ந்திருப்பதும் ஓர் அடையாளமாகும்.

கொழுப்பின் ஒளியை அடக்கி நீரின் ஒளியை மட்டும் மிகுத்துக்காட்டும் மற்றொரு வகைப் படமும் எடுக்கப்படும். பாலத்தின் இருமருங்கிலும் உள்ள மஜ்ஜையில் நீர்க்கசிவு இருந்தால் அதில் வெண்மேகம்போல் தெரியும். பாரத்தால் எலும்பு அவ்விடத்தில் உறுத்தப்படுகிறது என்பதற்கு அது சான்று. வலி எழும் இடத்தை இவ்வாறு சுட்டுதல் எக்ஸ்-கதிரால் ஆகாதது. மேலும், நுண்ணிய எலும்பு முறிவு, மூட்டு முகப்பின் சிதைவு, தசைநார்ப் புண், கிருமித் தொற்று, கட்டி முதலிய வேறு காரணங்களையும் அதே படத்தில் காணலாம். 1998இல் காந்தப் படத்தையும் சி.டி. படத்தையும் ஒப்பிட்டு வெளிவந்த ஓர் ஆய்வில், இணைவைக் கண்டறிவதில் இரண்டும் பெரும்பாலும் ஒத்த முடிவுகளையே தந்தன. ஆகவே, காரணம் இன்னதென்று தெளிவாகத் தெரியாத பிள்ளைக்குக் காந்தப் படமும், எலும்புப் பாலம் உறுதியாகி அறுவைக்கு அளவு வேண்டியவிடத்துச் சி.டி. படமும் பொருத்தமாகும் எனலாம்.

படத்துக்கு அன்று, பிள்ளைக்கே சிகிச்சை

புதிய கருவியால் புதிய பிழையும் நேரக்கூடும். முற்காலத்தில் இக்குறை நூற்றுக்கு ஒருவருக்கே உண்டு என்று எண்ணினர். கணுக்காலுக்காகக் காந்தப் படம் எடுத்துக்கொண்டோரின் படங்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில் 11 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானோருக்கு ஏதேனும் ஓர் இணைவு காணப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே தொல்லையுடன் வந்தவர்களாதலால் இக்கணக்கை நாட்டு மக்கள் அனைவருக்கும் பொருத்தலாகாது. எனினும், இணைவு முன்பு எண்ணியதைவிட மிகுதி என்பதும், அதனைச் சுமந்தும் வலியின்றி வாழ்வோர் பலர் என்பதும் தெளிவு. முன்னே கூறிய 1974ஆம் ஆண்டு ஆய்வும் இதனையே உணர்த்துகிறது.

ஆகவே, வலியும் விறைப்பும் இல்லாத பிள்ளைக்குத் தட்டைப் பாதம் என்ற ஒரே காரணத்துக்காகக் காந்தப் படம் எடுக்கச் செய்வது பொருளுக்கும் காலத்துக்கும் கேடு. படத்தில் பாலம் தெரிந்தாலும், அதனாலேயே வலி வருகிறதென்பதை மருத்துவர் பரிசோதித்து உறுதி செய்த பின்னரே சிகிச்சை தொடங்கப்பெறும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

8 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று பாதத்திலோ கணுக்காலிலோ வலி என்று பலமுறை சொன்னால், அதைப் பொய்யென்று தள்ளாமல் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம்.

பிள்ளையை வெறுங்காலுடன் சமதரையில், முதுகு நம்மை நோக்குமாறு நிற்கச் செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஆடையை உயர்த்திக்கொள்வது நலம். குதிகால்கள் எந்தப் பக்கம் சாய்ந்துள்ளன என்று கவனிக்க வேண்டும். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு நுனிக்காலில் எழும்பச் சொல்ல வேண்டும். மென்மையான தட்டைப் பாதமாயின், எழும்பியவுடன் உள்வளைவு தோன்றும். குதிகால்கள் உட்புறமாகத் திரும்பும். விறைத்த பாதமாயின் வளைவு தோன்றாது. குதிகால் வெளிப்புறம் சாய்ந்தவாறே நிற்கும். அடுத்து, பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றிச் சில அடிகள் நடக்கச் சொல்லலாம். விறைத்த பாதமுடைய பிள்ளையால் அது இயலாது, முயன்றால் வலிக்கும்.

ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் பதித்துச் சுவடு பார்ப்பது பலரும் அறிந்த முறை. அது பாதம் தட்டையா என்பதைக் காட்டுமேயன்றி விறைத்ததா என்பதைக் காட்டாது. நுனிக்கால் சோதனையே இரண்டையும் பிரிக்கிறது. எனினும், அச்சோதனையில் தேறிய பிள்ளைக்கும் வலி நீடிக்குமாயின் மருத்துவரிடம் அனுப்பத் தயங்கலாகாது. குதிகால் எலும்பையும் படகெலும்பையும் இணைக்கும் பாலம் இருந்தும் குதிகால் ஓரளவு திரும்புதல் கூடும்.

2013 முதல் நடைபெற்றுவரும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். அக்குழு வரும் நாளில் இப்பிள்ளையைத் தவறாது காட்ட வேண்டும். அனுப்பும் சீட்டில், வலி எந்தப் பாதத்தில், எவ்வளவு காலமாக உள்ளது, எத்தனை முறை சுளுக்கு ஏற்பட்டது, நுனிக்காலில் நின்றபோது குதிகால் திரும்பிற்றா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இத்தொல்லை உண்டா என்னும் ஐந்தையும் எழுதினால், சாய்வான எக்ஸ்-கதிர்ப் படம் கேட்க வேண்டுமா, காந்தப் படம் தேவையா என்று முடிவு செய்ய மருத்துவருக்குப் பேருதவியாகும்.

சில அடையாளங்கள் கண்டால் குழு வரும்வரை காத்திருத்தல் கூடாது. காய்ச்சல், வீக்கம், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, உடல் மெலிவு, சிறிதும் ஊன்ற முடியாமை ஆகியவை கிருமித் தொற்று, எலும்பு காசநோய், கட்டி முதலியவற்றால் நேரக்கூடும். அப்பிள்ளையை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விறைத்த பாதத்தைச் சுளுக்கு என்று எண்ணி வலிந்து முறுக்குவதும் திருகுவதும் தீங்கு. பிரியாத எலும்பு உருவுவதால் பிரிவதில்லை என்பதைப் பெற்றோருக்கு அன்புடன் எடுத்துரைக்க வேண்டும்.

படமெடுக்கச் செல்லுமுன்

காந்தப் படத்தில் எக்ஸ்-கதிர் இல்லை, வலியும் இல்லை. ஆனால் காந்தம் எந்நேரமும் செயற்பட்டுக்கொண்டே இருப்பது. இரும்பைப் பெரு விசையுடன் இழுக்கக்கூடியது. ஆகவே கொலுசு, வளையல், தாயத்து, அரைஞாணில் கோத்த உலோகம், கைக்கடிகாரம், சில்லறைக் காசு, ஊசி, கொண்டை ஊசி அனைத்தையும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். தாயத்தைக் கழற்றத் தயங்கும் தாய்க்கு, படம் எடுத்தவுடன் மீண்டும் கட்டிவிடலாம் என்று சொல்லித் தேற்றலாம். உடலினுள் இதயத் துடிப்புக் கருவி, செவிக் கருவி, உலோகத் தகடு முதலியன வைக்கப்பட்டிருந்தாலும், கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தாலும் மறவாமல் தெரிவிக்க வேண்டும். துணைக்குச் செல்லும் பெற்றோருக்கும் இவ்விதி பொருந்தும்.

கருவி தடதடவென்று பேரோசை எழுப்பும். காதை அடைக்கப் பஞ்சோ செவிமூடியோ தருவர். பாதத்தை அசைத்தால் படம் குழம்பிவிடும்; ஆதலால் சுமார் அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்கப் பிள்ளையை முன்னதாகவே பழக்குதல் நல்லது. ‘ஓசை வரும், ஆனால் ஒன்றும் உன்னைத் தொடாது’ என்று ஆசிரியர் முந்திய நாள் சொல்லி வைத்தால் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

சிகிச்சை

இணைவு உறுதியானவுடன் அறுவை என்று அஞ்ச வேண்டுவதில்லை. முதலில் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வளிப்பர். காலணியினுள் தாங்கு பட்டை வைப்பர். தேவையாயின் சில வாரங்கள் மாவுக்கட்டுப் போடுவர். பலருக்கு இவ்வளவிலேயே வலி தணிகிறது. தணியாவிடில், பாலத்தை வெட்டி எடுத்து, அவ்விடத்தில் எலும்பு மீண்டும் வளராவண்ணம் கொழுப்பையோ அண்டையிலுள்ள தசையையோ இடையில் வைப்பர். மூட்டுக்கள் தேய்ந்து கெடுவதற்கு முன் செய்தால் இது நல்ல பலனைத் தருகிறது. தேய்மானம் மிகுந்தபின் வருவோருக்கு, வலியைத் தீர்க்க மூட்டையே நிலையாக இறுக்கிவிடுவது தவிர வேறு வழி அரிது. உரிய பருவத்தில் கண்டறிவதன் பயன் இங்கேயே விளங்கும்.

மர நிழலில் அமர்ந்த சிறுவனிடம் மீண்டும் வருவோம். அவனுடைய பாதத்தினுள் நிற்கும் பாலத்தைக் காணப் பல டன் எடையுள்ள காந்தமும், கணிப்பொறியும், தேர்ந்த மருத்துவரும் வேண்டும். ஆனால் அவனை அங்கே அனுப்புவதற்கு, நுனிக்காலில் நிற்கச் சொல்லி அவன் குதிகாலைக் கவனிக்கும் ஒருவருடைய கண் போதும். அதற்கு ஆகும் காலம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஒரு நிமிடத்தை அவனுக்கு அளிப்பது, ஓட்டப் பந்தயத்தில் பின்தங்கினான் என்று குறிப்பேட்டில் எழுதுவதைவிட மேலான கடமையன்றோ!